விழாத தண்ணீர்

குழாய் திறந்த சத்தம் கேட்டபோது மங்கையர்க்கரசி ஊதாப் புடவை ஒன்றுக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் தண்ணீர் வாளியில் விழுந்தது. அடியில் ஒரு சாண் தண்ணீர் கிடக்கிற பிளாஸ்டிக் வாளியில் விழுந்தால் வருகிற சத்தம் அது, கனமாக, அடித்தொண்டையில் ஆள் பேசுவதுபோல. அப்புறம் தரையில் விழுந்தது, சளசளவென்று. அதற்கப்புறம் தண்ணீர் எதிலும் விழவில்லை. ஆனால் குழாய் மூடவுமில்லை. சுவரோடு மேல்தொட்டியிலிருந்து இறங்கி வருகிற பைப்பில் அந்த மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டேதான் இருந்தது. இருபது வருஷம் நூல்மில்லில் வேலை பார்த்த காது அவளுடையது. ஆயிரம் கதிர் ஓடுகிற பேரிரைச்சலில் ஒரு நூல் அறுந்தால் திரும்பிப் பார்க்காமலே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள். ஓடுகிற தண்ணீர் எங்கேயும் விழவில்லை என்றால் அது ஒரு வாய்க்குள் போகிறது. அவ்வளவுதான். குருதான். குளிக்கப் போனவன் குழாயில் வாயை வைத்துவிட்டான். டிவிக்கு மேலே கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது. எழுந்திரு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து பதினொரு எட்டு வைத்தால் பாத்ரூம் கதவு, அதற்கு உள்தாழ்ப்பாள் கிடையாது, அதை அவளே ஆள் கூப்பிட்டுக் கழற்றி எறிந்து இரண்டு வருஷமாகிறது. கதவைத் தள்ளி, அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கவேண்டும். இழுத்தால் திமிறுவான். போன வாரம் திமிறியதில் அவள் முழங்கை சுவரில் இடித்து இன்னும் வீக்கம் வற்றவில்லை. எழுந்திரு. சரி, இந்த ஓரம் மட்டும் முடித்துவிட்டு. நாலு விரற்கடைதான் பாக்கி. ஊசியை விட்டுவிட்டுப் போனால் துணி நழுவி மடிப்பு மாறிப்போகும். ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. உள்ளே போய் வெளியே வந்தது.

வால்வை மூடவில்லை. அதுதான் நடந்திருக்கிறது. பாத்ரூமுக்குப் போகிற பைப்பில், வெளிச்சுவரில், தலைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு வால்வு இருக்கிறது. அதன் சக்கரத்தில் சங்கிலி சுற்றி அவள் பூட்டுப் போட்டு வைத்திருப்பாள். குரு குளிப்பதற்கு ஒரே ஒரு வாளி, அதிலும் சீயக்காய்த் தூளைக் கரைத்துவிட்டுத்தான் கொடுப்பாள், வாய் வைக்காமல் இருக்கட்டும் என்று. இன்றைக்குக் காலையில் போர்வைகளை ஊறப்போட்டு அலசினாள். அதற்காகப் பூட்டைத் திறந்தாள். திறந்தது ஞாபகம் இருக்கிறது, சாவி வெயிலில் சுட்டது. மூடினது? சக்கரத்தில் கை வைத்தது ஞாபகம் இருக்கிறது. சக்கரத்தில் ஒட்டியிருந்த துரு உள்ளங்கையில் வந்தது, அதைப் பாவாடையில் துடைத்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. திருப்பினாளா? கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றோமே, எதற்கு நின்றோம்? கொடியில் போர்வை சொட்டிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டே கையை எடுத்துவிட்டோமா? இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பூட்டு அவளுக்கு மறந்ததில்லை. காய்ச்சல் நூற்றிரண்டு அடித்த அன்றைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பூட்டிவிட்டு வந்து படுத்தவள். மறந்துபோச்சு. மனுஷி மறக்கமாட்டாளா? மறந்துதான் போச்சு. ஆனால் அந்தக் கை அங்கே நின்ற மாதிரி இருந்ததே. மறக்கிறவள் கை அப்படி நிற்குமா என்ன. ஊசி விரலில் குத்தியது. ரத்தம் வரவில்லை. பைப்பில் இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணி குடிச்சா யாராவது சாவாங்களா? எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள். அவளே கேட்டிருக்கிறாள். இரண்டு சித்திரைக்கு முன்னால் மணிக்கூண்டுப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள், ஓலை வேய்ந்து, தரையில் மணல் பரப்பி, மூன்று மண்பானை வைத்து. குருவைக் கூட்டிக்கொண்டு மாத்திரை வாங்கப் போனவள், வெயில் தாங்காமல் அவளேதான், குடிடா என்று அங்கே நிறுத்தினாள். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர், ஐந்து, ஆறு. ஊற்றிக்கொடுத்த ஆளுக்கு ஒரே சந்தோஷம். "குடிங்க தம்பி, வயிறாரக் குடிங்க, புண்ணியம் எங்களுக்கு" என்றார். அவளும் சிரித்துக்கொண்டு நின்றாள். பதினொன்றாவது டம்ளரில் அவன் திரும்பி அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சொல்லாமலே மணலில் விழுந்தான். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வெயிலில் மயக்கம், இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க என்றார்கள், குடுத்தார்கள். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா, இவளுக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயசுதான் இருக்கும், பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னாள். "அம்மா, ரத்தத்துல ஒரு அளவு உப்பு இருக்கணும். இவர் வீட்டுலயும் இப்படித்தான் நாளெல்லாம் குடிச்சுக்கிட்டு இருந்திருக்காரு, நீங்க கவனிக்கல. கிட்னியால வெளியேத்த முடியற அளவுக்கு மேல போனா உப்பு கரைஞ்சு நீர்த்துப்போகும். அப்ப மூளை வீங்கும். மண்டை ஓடு விரியாதுல்ல, அதான் வலிப்பு. இதுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்து." "வெறும் தண்ணிதானம்மா?" என்று மங்கை கேட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "வெறும் தண்ணிதான்" என்றாள். அப்புறம் இதுவும் அவன் மனநோயோடு சேர்ந்ததுதான், இந்த மாதிரி நோய் உள்ளவர்கள் சிலருக்கு இப்படித் தாகம் பிடித்துக்கொள்ளும், மாத்திரையால் வாய் வேறு காயும், நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்துதான் கொடுக்கவேண்டும், காலையிலும் சாயங்காலமும் எடை பாருங்கள், ரெண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார் என்று அர்த்தம் என்றாள். எத்தனை நாளைக்கும்மா? அந்தப் பெண் பேனாவை மூடினாள்.

அன்றைக்கு மில்லில் எழுதிக்கொடுத்துவிட்டு நின்றவள்தான். கல்யாணம் அதற்கு வெகு முன்னாலேயே இல்லையென்று ஆகிவிட்டது, அதை ஒரு குறையாக அவள் நினைத்ததுமில்லை. பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம் படிக்கும்போது குருவுக்குக் காதில் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். இப்போது அவனுக்கு நாற்பத்திமூன்று. நடுவில் அப்பா போனார், அம்மா போனாள். அம்மா இருந்தவரை குரு அம்மாவின் வேலை. அம்மாவுக்கப்புறம் அவன் அவளுடைய வேலை, மில்லுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிற வேலை. தண்ணீருக்கப்புறம் வேறு வேலையே இல்லை. எங்கெங்கே தண்ணீர் இருக்கும் என்பது அவளுக்கு அதற்கு முன்னால் தெரியாது. ஃபிரிஜ்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது, அதில் அழுக்குத் தண்ணீர் சேரும், குடித்திருக்கிறான். துளசித்தொட்டிக்கு அடியில் இருக்கிற சட்டியில். துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீரை. கக்கூஸில், அதைக் கையோடு பிடித்த அன்றைக்கு அவனை அடித்தாள், செருப்பால், இரண்டு கன்னத்திலும். அவன் அழவில்லை. ஈர வாயோடு, "வாய் காயுதுக்கா" என்றான். "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. தண்ணி உள்ள போனா அவங்க பேசறத நிறுத்திடுறாங்க. கொஞ்ச நேரம் சும்மா இருக்குது." எவ்வளவு நேரம்டா என்று கேட்டாள், அடித்த செருப்பு இன்னும் கையில் இருந்தது. "பத்து நிமிஷம் இருக்கும்" என்றான். இருபது வருஷத்துக்கு மேலாக ராத்திரி பகலாக யாரோ திட்டிக்கொண்டே இருக்கிற காதுக்குள் பத்து நிமிஷம் அமைதி. அதற்குத்தான் அவள் பூட்டுப் போட்டிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க அதையே நினைத்தாள். ஒரு மாத்திரையும் கொடுக்காததைத் தண்ணீர் கொடுக்கிறது, அதை நான் தடுக்கிறேன், தடுக்காவிட்டால் செத்துப்போவான், தடுத்தால் இப்படியே இருப்பான். இப்படியே என்றால் எப்படி? எழுபது வயசு வரைக்கும் இருக்கலாம். அவளுக்கு அப்போது எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு வயசில் ஒரு எழுபது வயசுக் கிழவனைக் கக்கூஸிலிருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

தொண்டை காய்ந்தது. எச்சிலை விழுங்கினாள். காலையிலிருந்து அவளும் சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை. அவன் எதிரில் குடிப்பதில்லை என்று ஒரு வைராக்கியம், பார்த்தால் அவனுக்குக் கண் அங்கேயே நிலைகுத்திவிடும், தொண்டைக்குழி ஏறி இறங்கும், நாய் பார்ப்பதுபோல என்று நினைத்து அப்புறம் அப்படி நினைத்ததற்காக வாயிலேயே அடித்துக்கொள்வாள். சமையற்கட்டை உள்பக்கம் சாத்திக்கொண்டு, சொம்பு இடித்துச் சத்தம் வராமல், திருடித் தின்பதுபோல இரண்டு மடக்கு. அதனால் அவளுக்குக் கிட்னியில் கல் வந்துவிட்டது. மழை பெய்த ஒரு நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்து, ஸ்கேன் எடுத்து, "உங்களுக்குத் தண்ணி பத்தலம்மா, ஒரு நாளைக்கு மூணு லிட்டராவது குடிக்கணும்" என்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்கவே இல்லை அந்தச் சிரிப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரு, "அக்காவுக்கு மூணு லிட்டரா?" என்று கேட்டான். பொறாமையோடு. இல்லை, பொறாமை இல்லை அது. ஆச்சரியம். ஒருத்தருக்கு அவ்வளவு அனுமதி கிடைக்கும் என்கிற ஆச்சரியம். பைப்பில் இரைச்சல். அவன் மூச்சு வாங்குவதற்கு வாயை எடுக்கிறான், அப்போது ஒரு விநாடி தரையில் தண்ணீர் விழுகிற சத்தம் வருகிறது, மறுபடியும் நின்றுவிடுகிறது. மணி இரண்டு நாற்பத்தாறு. ஆறு நிமிஷமா ஆகிவிட்டது? ஆறு நிமிஷத்தில் எவ்வளவு உள்ளே போயிருக்கும்? எழுந்திரு மங்கை. மங்கை, எழுந்திரு. ஓரத்தின் அந்த நாலு விரற்கடை முடிந்துவிட்டது. கை அடுத்த ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தது. கையை அவள் பார்த்தாள். அது அவள் சொல்லித்தான் செய்கிறதா என்று பார்த்தாள்.

அவனுக்கு ஒரு வயசு இருக்கும்போது வயிற்றுப்போக்கு வந்தது. அம்மா அப்போது பூக்கடையில் நார் கிழிக்கப் போவாள், லீவு போட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். ஒன்பது வயசு மங்கையை உட்காரவைத்து, ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு, விடாதே, தூங்கினாலும் எழுப்பி ஊட்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். குழந்தைக்கு உச்சி குழிந்துபோயிருந்தது. கண் செருகிக்கொண்டு கிடந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. விளையாட்டுக்குக் கூப்பிட்ட பிள்ளைகளை விரட்டிவிட்டாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒரு பாலாடை, எண்ணி இருபது, ஒரு பாலாடை, எண்ணி இருபது. துப்பினால் மறுபடி. கழுத்து மடிப்பில் வழிந்ததைப் பாவாடையால் ஒற்றி மறுபடி. சாயங்காலம் அவள் மடியிலேயே மூத்திரம் போனான். அதைப் பார்த்து வாசலில் வந்து நின்ற அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். உன் தம்பி பொழச்சுட்டான்டி, நீ குடுத்த தண்ணியிலதான் பொழச்சான். அந்த ஈரச் சூடு இப்போதும் தொடையில் இருக்கிற மாதிரி இருந்தது. அன்றைக்கு விட்டிருந்தால்? இருபது எண்ணுகிற இடத்தில் இருநூறு எண்ணியிருந்தால்? சீ. இது என்ன நினைப்பு. ஒன்பது வயசுப் பெண் எண்ணிய எண்ணிக்கையில் போய்க் குறை சொல்கிறேனே. தைப்பதை நிறுத்தினாள். காலை ஊன்றி எழுந்திருக்கத்தான் பார்த்தாள். அப்போது மாடிப்படியிலிருந்து வீட்டுக்கார ராஜாமணியம்மாள் குரல் கொடுத்தாள்.

"மங்கை, ஏ மங்கை, கீழ குழா தெறந்து கெடக்கா? தொட்டி இறங்குது போலிருக்கே."

ராஜாமணியம்மாளுக்கு அவளைக் கண்டால் ஆகாது. பூட்டைப் பார்த்த நாளிலிருந்து ஆகாது. "வாயில்லாச் சீவனுக்குக்கூடத் தொட்டி கட்டி வைக்கிறாங்க. கூடப் பொறந்தவன் ஒரு வாய் தண்ணி கேட்டா பூட்டுப் போட்டு வச்சிருக்கியே, நல்லாயிருப்பியா நீ?" என்று நடுவாசலில் வைத்துக் கேட்டவள். சொல்லிப் பார்த்தாள், உப்பு, மூளை, வலிப்பு. "எந்த டாக்டரு சொன்னான், கூட்டிட்டு வா அவனை" என்றாள் ராஜாமணியம்மாள். மங்கை இல்லாத நேரம் பார்த்து ஜன்னல் வழியாகச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள், இரண்டு தடவை. இரண்டு தடவையும் ராத்திரி அவன் வாந்தி எடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உருண்டான், அது மாடிக்குக் கேட்காது. பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை முன்பின் தெரியாத ஆள் பாட்டிலை வாங்கி அவன் கையில் திணித்துவிட்டு, அவளைப் பார்த்து, "பொம்பளையா நீ" என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். தண்ணீர் கொடுக்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஊரில் அவள் ஒருத்திதான் கொலைகாரி. அப்படியென்றால் இன்றைக்கு ஒரு நாள் நானும் நல்லவளாக இருந்துவிட்டுப் போகிறேனே. அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வந்ததா, இல்லை காலையில் சக்கரத்தில் கை வைத்தபோதே வந்து உட்கார்ந்திருந்ததா?

"என்னடி பதிலக் காணோம்?"

"ஆமாக்கா" என்றாள் மங்கை. குரல் சாதாரணமாக வந்தது. அவளுக்கே பயமாக இருந்தது அந்தச் சாதாரணம். "குரு குளிச்சிக்கிட்டு இருக்கான்."

"குளிக்கட்டும் குளிக்கட்டும். வெக்கை என்ன கொஞ்சமாவா இருக்கு. நல்லா குளிக்கட்டும் புள்ள." செருப்புச் சத்தம் மேலே ஏறிப் போனது.

இப்போது இது வேறு. இதுவரை தைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான், எழுந்திருக்க நேரமாயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது வாயைத் திறந்து சொல்லியாகிவிட்டது. குளிக்கிறான். மணி இரண்டு ஐம்பது. ஊதாத் துணி மடியில் கிடந்தது, வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது. என்ன ஆகும்? முதலில் வயிறு உப்பும். அப்புறம் பேச்சு குழறும், குடித்தவன் மாதிரி சிரிப்பான், அந்தச் சிரிப்பு நன்றாகத்தான் இருக்கும், பாலிடெக்னிக் போன நாளில் சிரித்த மாதிரி. அப்புறம் வாந்தி. அப்புறம் வெட்டி இழுக்கும். இந்தத் தடவை நான் மடியில் போட்டுக்கொள்வேன், மணலில் விழ விடமாட்டேன். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். தண்ணி குடிச்சுச் செத்தான் என்று சொன்னால் நம்பவேமாட்டார்கள், வலிப்பு வந்து போய்ச் சேர்ந்தான் என்பார்கள், புண்ணியவான், தாகத்தோடு போகவில்லை. ராஜாமணியம்மாள் வந்து அழுவாள். எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டபின் நான் என்ன செய்வேன்? தூங்குவேன். கதவை எல்லாம் திறந்துபோட்டுத் தூங்குவேன். எழுந்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீரை அண்ணாந்து, தொண்டை ஏறி இறங்க, சத்தம் போட்டுக் குடிப்பேன். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி நெஞ்சு வழியாக இறங்குவதை அவளால் இப்போதே உணர முடிந்தது. அவ்வளவு இனிப்பாக இருந்தது அது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடியதும் பாத்ரூமுக்குள் இருந்தாள். குழாயில் வாய். கீழ்த்தாடையில் வழிகிற தண்ணீர். பாதி மூடிய கண். அந்த முகத்தில் அமைதி இருக்கும் இந்நேரம். பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்தியிருப்பார்கள். பத்து நிமிஷம் என்றானே, பத்து நிமிஷம் ஆகிவிட்டது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், அவனுக்கு அது கிடைக்கட்டும். அவனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பொய். பொய் சொல்கிறேன். எனக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும்தான். ஐயோ, எது எதுக்காக என்றே தெரியவில்லையே. எழுந்திரு. எழுந்திருக்க மாட்டேன். இருபது எண்ணுவேன், எண்ணிவிட்டு எழுந்திருப்பேன். ஒன்று. இரண்டு. பதிமூன்று வரை எண்ணினாள், அப்புறம் எந்த எண் என்று தவறிப்போயிற்று, முதலிலிருந்து எண்ணினாள்.

இரைச்சல் நின்றது. கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது. மாடியில் எங்கோ நாற்காலி இழுபட்டது. சமையற்கட்டில் ஈ. அந்தப் பைப்பில் மட்டும் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கேட்டதும்தான் அவள் எழுந்தாள், எழுந்த வேகத்தில் துணி காலில் சுற்றி முட்டி தரையில் மோதியது, பதினொரு எட்டும் எப்படிப் போனாள் என்று தெரியாது. கதவைத் தள்ளினாள். குரு சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். இடுப்பில் துண்டு. வயிறு ஏழு மாதக் கர்ப்பிணி மாதிரி புடைத்து நின்றது. உதடு வெளுத்திருந்தது. குழாய் இறுக மூடியிருந்தது, ஒரு சொட்டுகூட இல்லை. அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். பார்வை அவள்மேல் வந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"நானே மூடிட்டேன்க்கா" என்றான். நாக்கு தடித்துப் புரண்டது. "நீ வருவ, வருவன்னு கதவையே பாத்துக்கிட்டுக் குடிச்சேன். நீ வரல. எனக்குப் பயமாயிருச்சு. அதான் நானே மூடிட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கையும் காலும் செய்தவை. தூக்கி நிறுத்தி எடைக்கருவியில் ஏற்றினாள், காலையில் அறுபத்தொன்று, இப்போது அறுபத்தைந்தரை. எதற்காக அந்த நேரத்தில் எடை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பழக்கம். சட்டையை மாட்டிவிட்டாள், ஆட்டோவைக் கூப்பிட்டாள், ஆட்டோவிலேயே இரண்டு முறை வாந்தி எடுத்தான், வெறும் தண்ணீர், அவள் புடவை முழுக்க. "நல்லா வாந்தி எடு, எடுடா என் ராசா, எல்லாத்தையும் எடு" என்று முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள். டிரைவர், வெயில்ல வந்ததும்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க என்றார். உள்ளூர் ஆஸ்பத்திரியில், இங்கே முடியாது என்று உடனே ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினார்கள். வாடிப்பட்டி தாண்டி அவனுக்கு வெட்டியது. மதுரை போய்ச் சேர்ந்து இன்னொரு தடவை வெட்டியது. நூற்றுமுப்பத்தைந்துக்குக் கீழே போகக்கூடாத உப்பு நூற்று ஒன்பது என்று யாரோ யாரிடமோ சொன்னார்கள். உப்பையும் அவசரமாக ஏற்றக்கூடாதாம், அது வேறு விதமாக மூளையைக் கெடுக்குமாம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றவேண்டுமாம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் மூன்று பகலும் உட்கார்ந்திருந்தாள். மறந்துபோச்சு என்று சொல்லலாம். தூங்கிப்போனேன் என்று சொல்லலாம். அப்படியெல்லாம் ஒன்றும் சொல்லக்கூடாது, உட்கார்ந்திருந்தேன், கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பதினெட்டு நிமிஷம் என்று சொல்லிவிடவேண்டும், எந்த டாக்டர் கேட்டாலும். அந்த வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி அடுக்கி வைத்தாள். யாராவது கேட்டால் போதும் என்றிருந்தது. எல்லாரும் அவனையே பார்த்தார்கள், அவளைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள்.

நாலாம் நாள் காலை அவனை வார்டுக்கு மாற்றினார்கள். கண் தெளிந்திருந்தது. நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு மட்டும் கொழகொழவென்று வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தாள். காகிதங்களைப் புரட்டிவிட்டு, கட்டிலின் விளிம்பில் கையை ஊன்றி, "எப்படிப் பாலகுரு இவ்வளவு குடிச்சீங்க? பக்கத்துல யாருமே இல்லையா?" என்று கேட்டாள். மங்கை எழுந்து நின்றாள். வாக்கியம் தயாராக இருந்தது. வாயைத் திறந்தாள்.

"அக்கா கடைக்குப் போயிருந்துச்சு" என்றான் குரு. "வீட்ல யாருமில்ல. நான்தான் வால்வத் தெறந்தேன்."

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அப்படியாம்மா?"

குரு அவளைப் பார்க்கவில்லை. கையில் ஊசி ஏற்றியிருந்த இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றாள் மங்கை.

"தனியா விட்டுட்டுப் போகாதீங்கம்மா. உங்களுக்கும் கஷ்டம்தான், எனக்குப் புரியுது. ஆனா நீங்கதான் இவருக்கு." அந்தப் பெண் அவள் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். தொட்ட இடத்தில் மங்கைக்கு எரிந்தது. உட்கார்ந்தாள். அடுத்த கட்டில் நோயாளியின் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், அந்த வாசனை வந்தது. வார்டு முழுக்க யாரோ யாருக்கோ எதையோ ஊட்டிக்கொண்டிருந்தார்கள். குரு தலையணையில் முகத்தைத் திருப்பினான், அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினான்.

"சரியாச் சொன்னேனாக்கா?"

சின்னக் கிளாஸ் படிக்கும்போது வாய்ப்பாடு ஒப்பித்துவிட்டு வந்து கேட்பானே, அதே குரல். அவள் அவன் காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை எடுத்து உதறினாள். உதறிப் போர்த்தினாள், கால் வெளியே தெரிந்தது, மறுபடி எடுத்து உதறினாள். அவன் பதிலுக்காக அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.